இத்தா அறைக்கு மேலே உமி

கிட்ட வாங்க புள்ளைகளே, பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்க. சாய்ந்தமருதில் ஒரு வீட்டுச் சீலிங்குக்கு மேலே நடந்த கதை இது. நெஞ்சு திக்கென்று நிற்கிற இடம் ஒன்று வரும். அப்போது என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்னாவின் வாப்பா மௌத்தாகி ஆறு கிழமை. உம்மா ஆகிலா இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். அறையோ தகரக் கூரைக்குக் கீழே. கச்சான் காற்று ஊரைக் காயவைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் பகல் ளுஹர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதுக்குப் போன உம்மா எழும்பவேயில்லை. மயக்கம்.

"வேற வீட்டுக்குப் போவம் உம்மா."

"வாப்பா கண்ண மூடின வீட்டுலதான் இத்தாவ முடிப்பன். போ மகள், சும்மா கதைக்காத."

அப்னா யோசித்தாள். கடற்கரையில் ஐஸ்கட்டியை உமிக்குள் புதைத்து வைக்கிறார்கள். ஐஸைக் கரையவிடாத உமி வெயிலையும் உள்ளே விடாதுதானே? உம்மாவின் தம்பி மசூர் வரிப்பத்தான்சேனை அரிசி ஆலையிலிருந்து உமி மூட்டைகளை ஏற்றி வந்தார். கூரைக்குக் கீழே பலகை அடித்து, மேலே கொட்டத் தொடங்கினார்.

"உமியில பூச்சி புடிக்கும் புள்ள."

"பயறுக்கு என்ன மாமா செய்யுற? சாம்பல்தானே கலக்குற?"

கொல்லையில் இருந்த உமி அடுப்பின் சாம்பலை அவளே அள்ளிக் கொடுத்தாள். தொட்டும் பார்த்தாள். மேலே குளிர்ந்துதான் கிடந்தது.

அன்று பகல் உம்மா கன நாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினார். அப்னா வாசலில் நின்று அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு உம்மா சொன்னார்: "மகள், சூடு திரும்ப வந்திட்டுது."

வெளியே மப்பு மூடியிருந்தது. வெயிலே இல்லை. அப்னா கதிரையில் ஏறிப் பலகையில் கை வைத்தாள். ரொட்டிக் கல்லில் வைத்ததுபோல் இழுத்துக்கொண்டாள். ஒரு மூலை மட்டும் தேயிலைச் சாயம் ஊறினதுபோல் பழுத்திருந்தது. சாம்பலுக்குள் தணல் இருந்திருக்கிறது. உமி நெருப்பு சுவாலை விடாது. உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். மூன்று நாளாக அதற்குக் கீழேதான் உம்மா தூங்கினார்.

"உம்மா, நெருப்பு. வெளிய வாங்க."

கூரை இடுக்கில் புகையைக் கண்டு தெரு ஆண்களெல்லாம் வாளியோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் உம்மா கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்புளையள் போகட்டும், வாறன்."

"அதுக்கு நேரமில்ல உம்மா."

"நான் வரமாட்டன்."

அப்னா முற்றத்துக்கு ஓடினாள். "உம்மா இத்தாவுல" என்று மட்டும் கத்தினாள்.

முன்னால் நின்ற தோணிக்கார அஷ்ரப் வாளியை வைத்துவிட்டு மதில் பக்கம் திரும்பினான். "எல்லாரும் திரும்புங்கடா. றிஸ்மி, ஒனக்கு வெத்தில வெச்சிச் சொல்லணுமா?"

இருபது ஆண்கள் மதிலைப் பார்த்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ஞானராணி வேலித் தகரத்தை விலக்கிப் பிடித்தாள். "உள்ள வாகா, எங்கட இவர் கட்டார்ல வேலையில. வீட்டுல இரிக்கிற ஒரே ஆம்புள சாவல்தான். அதையும் கூடையால மூடிட்டன்."

உம்மா வெள்ளைச் சீலையை இழுத்து மூடி, அந்த முதுகுகளைக் கடந்து போனார். வேலியைத் தாண்டியிருக்கமாட்டார், பலகை முறிந்தது. செக்கச்செவேலென்ற உமி முழுவதும் கட்டிலில் கொட்டியது. தலையணை இருந்த இடமே தெரியவில்லை.

ஆண்கள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அப்னா ஞானராணி வீட்டுப் பக்கம் வந்து வேலியோரம் குந்திவிட்டாள்.

"நான்தான் உம்மா. நான்தான் அள்ளிக் குடுத்த."

"ஓம் மகள். எனக்குச் சூடெண்டுதானே குடுத்த." உம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "மசூர்ட்டச் சொல்லு, மிச்ச நாள இந்த வீட்டுல இரிக்கன் எண்டு."

மிச்ச நாள் முழுவதும் ஞானராணி வீட்டில்தான் முடிந்தது.

உங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் சுகமாய் விழிக்கட்டும், புள்ளைகளே. உங்கள் அயல் வீட்டார் நல்லவர்களாய் அமையட்டும். அல்லாஹ் உங்களைக் காப்பானாக.