எதிர்த்தீ

ஜசுலி காலையிலிருந்து பாதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுக்கொட்டிலுக்குக் கீழே, பைன் காடு தொடங்குகிற இடத்தில் ஓடும் ஒற்றையடிப் பாதை அது. அதில் ஓர் ஊசி இலைகூடக் கிடக்கக் கூடாது. மே மாதத்துப் பைன் மரத்துக்கு இரக்கம் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாரிவிட்டுத் திரும்பினால், வாரின இடமெல்லாம் மறுபடி பழுப்பாக விழுந்து கிடக்கும். பிருல் என்பார்கள் அந்தச் சருகை. மிதித்தால் கால் வழுக்கும். பொறி பட்டால் எண்ணெயில் முக்கிய துணிபோலப் பிடித்துக்கொள்ளும். மரப்பல் வைத்த வாரியை இழுத்து இழுத்து அவள் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து, பிடியெல்லாம் பிசுபிசுத்தது.

"என்னக்கா, காட்டுக்குத் தலை வாரி விடுறியா? பேன் இருந்தா சொல்லு, நசுக்கிடலாம்" என்றாள் கோவிந்தி. ஜசுலியின் கொழுந்தன் பெண்டாட்டி. கூடையில் பிருலை மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் வாயால கூட்டியிருந்தா இந்நேரம் ரோடு வரைக்கும் சுத்தமாகியிருக்கும்டீ."

ஊர் மேலே இருந்தது. ஊரைச் சுற்றிக் கருவாலி மரங்கள், ஊற்று, கோயில். கருவாலிக் காட்டின் ஈரத்தில் தீ சட்டென்று ஏறாது. இவர்களுடைய ஐந்து வீடும் கீழே, பைன் மரங்களின் வாயில் இருந்தன. எப்போது, யார் இப்படிப் பிரித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெயர் ராம் என்று முடிகிற கீழ்ச்சாதிக்காரர்களுக்கு இந்த இடம்தான். ஆண்களில் பாதிப் பேர் மலையடிவாரத்து ஹல்த்வானி நகரத்தில் ஓட்டல் பாத்திரம் தேய்த்தார்கள். ஜசுலியின் புருஷன் பச்சிராமுக்கு வனத்துறையில் தீக்காவல் வேலை, வருஷத்துக்கு நாலு மாசம். ஒன்பது நாளாக அவன் வீட்டுக்கு வரவில்லை.

மத்தியானம் கேழ்வரகு ரொட்டியைப் பச்சை மிளகாய் உப்பில் தொட்டு வாயில் வைத்தபோது கோவிந்திதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா. தார் வாசம் இல்ல இது."

கீழ் வளைவில் மூன்று நாளாக ரோட்டு வேலை நடந்தது. பைன் கட்டைகளை அடுக்கி, பீப்பாயில் தார் காய்ச்சினார்கள். இன்று மேஸ்திரி வீட்டுக் கல்யாணம் என்று காலையிலேயே எல்லோரும் லாரி ஏறிப் போய்விட்டார்கள். அடுப்பு போகவில்லை.

ஜசுலி அக்ரூட் மரத்தடிக்கு ஓடினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். வனக்காவலர் நேகி நாலாவது மணியில் போனை எடுத்தார்.

"சார், கீழ் வளைவுல தீ. எங்க பக்கம் ஏறுது. வண்டி அனுப்புங்க."

"வண்டி மேல பங்களாகிட்ட நிக்குது. பெரிய அதிகாரிங்க குடும்பத்தோட தங்கியிருக்காங்க. கொஞ்சம் புகை தெரிஞ்சாலே போன் அடிக்கிறாங்க."

"அப்ப எங்க வீட்டாளையாவது விடுங்க சார்."

"பச்சிராம் அங்கதானே டியூட்டில இருக்கான்? விட முடியாது. ஏய் ஜசுலி, உனக்குத் தெரியாததா? பாதையைப் பிடிச்சு முன்னாடியே எரிச்சு விடுங்க. எத்தனை வருஷமாப் பண்றீங்க."

வைத்துவிட்டார்.

மாடுகளையும் பிள்ளைகளையும் மேலே ஊற்றுப் பக்கம் விரட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். ஜசுலி வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டும் பிசின் கட்டைச் சிம்புகளில் ஒரு கை எடுத்து, கணப்பில் நீட்டினாள். கரும்புகை கக்கிக்கொண்டு பற்றியது. அதை ஏந்திக்கொண்டு பாதையில் வந்து நின்றாள்.

அவசரப்பட்டு வைத்தால் வைத்த தீ வீட்டுப் பக்கமே ஏறிவிடும். கீழிருந்து வருவது கிட்டே வர வேண்டும். வந்து மூச்சை இழுக்க வேண்டும். அது இழுக்கும்போது மேலேயுள்ள காற்று கீழே திரும்பும். அந்த நேரம் ஒரு சட்டி பால் பொங்கும் நேரம்கூட இல்லை.

மரங்களுக்கு நடுவே சிவப்பு தெரிந்தது. பைன் காய்கள் வெடித்து, எரிந்துகொண்டே உருண்டன.

"வை அக்கா! வச்சுத் தொலை!"

"இரு."

"என்னத்த இரு? எனக்குப் புருவம் கருகுது!"

"கருகட்டும். இருடீ."

கழுத்தில் ஒட்டிக் கிடந்த முக்காட்டின் நுனியை மட்டுமே ஜசுலி கவனித்துக்கொண்டிருந்தாள். அது அசைந்தது. மெல்ல எழும்பி, தோளைத் தாண்டி, தீயிருக்கும் பக்கம் நீண்டது. அவள் குனிந்தாள். பாதையோரச் சருகில் வைத்தாள், ஓடினாள், வைத்தாள், ஓடினாள். பன்னிரண்டு இடம். சிறு நெருப்புகள் கைகோத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடின. பெரிய தீ அவற்றை நோக்கி ஏறியது. இரண்டும் மோதின இடத்தில் மரத்தின் உச்சி வரை ஒருமுறை எழும்பியது. பிறகு தின்பதற்கு ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது.

எதிர்ச்சரிவு ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு நின்றான். பாதையைத் தாண்டித் தெறித்த பொறிகளை அடித்துக்கொண்டிருந்த கோவிந்தி, உதவிக்கு வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டாள். அவன் பதிலுக்குக் கை அசைத்தான்.

மூன்றாம் நாள் நேகி வந்தார். கையில் ஃபைல். முற்றத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார், உட்காரவில்லை.

"டீ போடவா சார்?" என்றாள் கோவிந்தி.

"இப்பதான் குடிச்சேன்."

"போன வருஷமும் இப்பதான் குடிச்சீங்க."

நேகி கேட்காததுபோல் போனைத் திருப்பிக் காட்டினார். பதினைந்து விநாடிப் படம். முக்காடு போட்ட ஒரு பெண் எரியும் கட்டையோடு காட்டோரம் ஓடுகிறாள், குனிகிறாள், வைக்கிறாள், ஓடுகிறாள். அடியில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"நான் இப்படித்தான் கூன் போட்டு ஓடுறேனா?" என்றாள் ஜசுலி. பிறகு, "கீழேருந்து வந்த தீ இதுல இல்லையே சார்?"

"அது படத்துல விழல. நாலு லட்சம் பேர் பார்த்துட்டாங்க. மேலேருந்து கேக்குறாங்க."

"நீங்கதானே எரிச்சு விடச் சொன்னீங்க?"

"வாயால சொன்னேன்." அவர் காகிதத்தைப் புரட்டினார். "இத்தனை வருஷம் இந்தக் கட்டத்துல 'ஆள் தெரியவில்லை'ன்னு போட்டுட்டுப் போயிடுவோம். இந்த வருஷம் அப்படி எழுதினா திருப்பி அனுப்புறாங்க. ஒவ்வொரு தீக்கும் ஒரு பேர் வேணுமாம்."

"தார்க்காரன் பேரை எழுதுங்க. பீப்பாய் இன்னும் அங்கதான் கிடக்கு."

"அவன் ரோடு போடுறவன் ஜசுலி."

"அதனால?"

நேகி பேனா மூடியைக் கழற்றினார். "வளவளன்னு பேசாதே. தீ வச்சியா, இல்லையா?"

"எதிர்த்தீ சார்."

"அதுக்கெல்லாம் இதுல கட்டம் கிடையாது. வச்சியா?"

"வச்சேன்."

எழுதினார்.

"இதென்ன அநியாயமா இருக்கு!" கோவிந்தி துடைப்பத்தை வீசி எறிந்தாள். "அடுத்த வருஷம் தீ வந்தா கையக் கட்டிக்கிட்டு உக்காந்து வேகணுமா? சொல்லுங்க, வேகுறோம். அதுக்காவது கட்டம் இருக்கா?"

நேகி அவளைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி ஜசுலியிடம் சொன்னார். "நீயா வச்சேன்னு ஒத்துக்கிட்டா உன் பேர் மட்டும்தான். கோர்ட்டுல ரெண்டு மூணு தடவை போய் நிக்கணும், அவ்வளவுதான். மறுத்தேன்னு வை, காவல்காரன் பெண்டாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தான்னு கேப்பாங்க. அவன் பேரும் ஏறும். அப்புறம் அந்த நாலு மாச வேலையும் இல்ல. யோசிச்சுக்கோ."

ஜசுலி கொட்டில் வாசலைப் பார்த்தாள். கன்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றாள்.

போட்டாள். நேகி ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஒரு போட்டோ வேணும். பாதைக்கு வா" என்றார். "எதுல வச்சே?"

"அடுப்புச் சிம்புல."

"அதைப் பிடிச்சா விறகு பொறுக்க வந்தவ மாதிரி இருக்கும்." சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டோடு தன் தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதைப் பிடி. நெஞ்சுக்கு நேரா."

அவள் பாதையில் நின்று பிடித்தாள். நேகி சரிவில் நாலடி இறங்கி நின்று போனை உயர்த்தினார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவளுக்குப் பின்னால் ஐந்து கற்பலகைக் கூரைகளும் இருந்தன. அக்ரூட் மரத்தில் சுற்றிய புல்போர், கொடியில் கோவிந்தி காயப்போட்ட பாவாடைகள், கன்று, எல்லாம் அப்படியே இருந்தன.

"வீடு படத்துல விழுது" என்றார். "இப்படி வேணாம். நீ கீழே வா, நான் மேல வர்றேன்."

வீடுகளுக்கு முதுகு காட்டி அவர் பாதையில் நின்றுகொண்டார். ஜசுலி தீப்பெட்டியைப் பிடித்தபடியே சாம்பலில் இறங்கினாள். செருப்போடு கால் கணுக்கால் வரை புதைந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் நேகி. "சுத்தி கரியா மட்டும் தெரியணும்."