மகளை டிவியில் பார்ப்பது

மகளை இன்றைக்கு டிவியில் பார்த்தே தீருவது என்று தையல்காரி முடிவு கட்டிவிட்டாள். முப்பது வருஷம் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத் தைத்து அவள் கண் மங்கியிருந்தது. கட்டிக்கொடுத்து எட்டு மாதமான மகள் போனில் வீடியோவில் வந்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்தான் தெரியும். "நல்லா இருக்கேம்மா" என்பாள். குரல் அப்படிச் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்காமல் பெற்ற வயிறு எதை நம்பும்?

மகள் விட்டுப்போன லேப்டாப்புக்குத் திரையில் முக்கால்வாசி கறுப்பு. கேமரா மட்டும் பழுதில்லை. டிவியோடு சேர்த்தால் போதும். ஆனால் டிவியோ பதினைந்து வயதுக் கிழம். அதற்கு லேப்டாப் வயர் சொருகும் எச்டிஎம்ஐ துளை ஒன்றே ஒன்று. அதில் செட்டாப் பாக்ஸைச் சொருகிவிட்டு, அதைப் பிடுங்கவும் விடாமல், கிரிக்கெட்டே கதி என்று கிடந்தார் வீட்டுக்காரர்.

"ஒண்ணை ரெண்டாக்குற பெட்டி குடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அளவு பார்க்காமல் கத்தரி வைக்காதவள், இதை மட்டும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டாள். எப்படித் திருப்பி மாட்டினாலும் டிவி 'சிக்னல் இல்லை' என்றே சாதித்தது.

வீட்டுக்காரர் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"படம் போட்டிருக்கு பாரு. ஒரு பாக்ஸ், ரெண்டு டிவி. நமக்கு வேண்டியது ரெண்டு பாக்ஸ், ஒரு டிவி. நம்ம வீட்ல என்ன ரெண்டு டிவியா இருக்கு? நாளைக்கு மாத்திக்கலாம், நகரு, மேட்ச் ஓடுது."

"நாளைக்கெல்லாம் ஆகாது. காலை மடக்குங்க."

மணி நாலேகால். ஐந்து மணிக்கு மருமகன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பினால்தான் மகள் பேசுவாள். அது ஏன் என்பதும் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

டிவியைத் திருப்பி முதுகைத் தடவினாள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டத் துளைகள் விரலில் பட்டன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த டிவிடி பிளேயர் ஓடி ஆறு வருஷம். செட்டாப் பாக்ஸிலும் அதே மூன்று வட்டங்கள் இருந்தன. பிளேயரின் வயரைப் பிடுங்கி அதில் மாட்டினாள். டிவி கொர்ரென்று உறுமியதே தவிர, படம் வரவில்லை. வயர் முனைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்து, பொறுமையாக மறுபடி சொருகினாள். ரிமோட்டில் நாலு அழுத்து. மேட்ச் வந்தது, கொஞ்சம் கலங்கலாக.

"பந்தே தெரியலையே!" என்று அலறினார்.

"எனக்கு எட்டு மாசமா பொண்ணே தெரியல."

காலியான எச்டிஎம்ஐ துளையில் லேப்டாப்பை மாட்டி, நேரமானதும் ரிமோட்டில் டிவியை அதற்கு மாற்றினாள்.

ஐந்து அடித்து ஏழு நிமிஷத்தில் மகள் வந்தாள், டிவி நிறைய. தையல்காரி எழுந்து கிட்டே போனாள். இடது கன்னத்தில் பவுடர் அப்பியிருந்தது. அதற்கு அடியில் நீலம்.

"நல்லா இருக்கேம்மா."

"கன்னத்துல என்னடி?"

"லைட்டும்மா. நிழல்."

"வெளிச்சத்துப் பக்கம் திரும்பு."

மகள் திரும்பவில்லை. தையல்காரி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அவன் எப்ப வருவான்?"

"காலைல ஆறுக்கு."

"கதவை உள்ள தாழ்ப்பாள் போடு. துணிமணியைப் பையில எடுத்து வை. ராத்திரி ஒன்பதுக்குள்ள நாங்க அங்க இருப்போம்."

மறுத்துப் பேசப்போகிறாள் என்று காத்திருந்தாள். மகள் மறுக்கவில்லை, "சீக்கிரம் வாம்மா" என்று வாய்விட்டு அழுதாள். பின்னால், வீட்டுக்காரர் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.