நடுப்பக்கத்து எண்ணெய்க்கறை

சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் கறை அக்கா. துவைக்கவும் தேய்க்கவும் ஆட்கள் வேறு. பின்னறையில், ஒரு விளக்கும் நாலைந்து புட்டிகளும் வைத்த மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கைவிட்ட கறைகளை எடுப்பதுதான் அவள் வேலை. மை, ரத்தம், துரு, உதட்டுச்சாயம், எது வந்தாலும் முதலில் விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாள், பிறகு மோந்து பார்ப்பாள். அதோடு அந்தக் கறையின் கதை முடிந்தது. உதட்டுச்சாயத்தோடு வரும் சட்டைகளைப் பற்றி மட்டும் அவள் எவரிடமும் வாயைத் திறந்ததில்லை. அந்தத் தெருவில் பல குடும்பங்கள் அவள் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்டவள் புருஷன் போன மறுநாள் என்ன செய்வாள்? வீட்டில் இருந்ததையெல்லாம் துவைத்தாள். போர்வை, தலையணை உறை, ஆணியில் தொங்கிய சட்டை, துண்டு, ஒன்றையும் விடவில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை. கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் கொடியிலிருந்து தலையணை உறையை எடுத்து முகத்தில் அழுத்தியபோதுதான் செய்த காரியம் புரிந்தது. சோப்பு வாசனை வந்தது. சோப்பு மட்டும்தான். அந்த மனுஷனைத் தன் கையாலேயே வெளுத்து வீட்டைவிட்டு அனுப்பிவிட்டோமே என்று அன்றைக்கு அழுதாள் பாருங்கள், உயிர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

அவள் கைக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. 'பறக்கும் தபால்காரன்' காமிக்ஸின் முதல் இதழ். சின்ன வயதில் அவர் வாங்கியது. லாரி ஓட்டிய காலமெல்லாம் இருக்கைக்கு அடியிலேயே கிடந்து அவரோடு ஊர் சுற்றியது. வேலையை விட்ட பிறகு, மத்தியானம் சாப்பிட்டதும் அதைத்தான் எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்வார்.

“எத்தனை தடவைதான் படிப்பீங்க? முடிவு மாறிடப் போகுதா?” என்பாள் இவள்.

“யார் கண்டா? இன்னைக்காவது அந்தத் திருடன் தப்பிச்சிட மாட்டானான்னு பாக்குறேன்.”

கம்பிப் பின் அடித்திருந்த இடத்தில் புத்தகம் தானாக நடுப்பக்கத்துக்கு விரியும். அடுத்த நிமிஷம் அது முகத்தில் கவிழ்ந்திருக்கும், அடியிலிருந்து குறட்டை வரும். அவர் அதை முழுதாகப் படித்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்பது அவளுடைய எண்ணம்.

அந்த இதழ் இப்போது தேடினாலும் கிடைக்காது என்று எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டான், வேறு ஊரில் இருக்கும் மகன். போனில் பிடித்துக்கொண்டான்.

“இப்படி அழுக்கா விட்டு வைக்கலாமாம்மா? இதுக்குன்னே ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கொடுத்து சுத்தம் பண்ணி, கண்ணாடி போட்டு மாட்டலாம். அப்பா ஞாபகமா மிஞ்சினது அது ஒண்ணுதானே.”

அவளும் மறுக்கவில்லை. கறையை எடுப்பது நல்ல காரியம் என்பதில் அவளுக்கு என்ன சந்தேகம்? புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

பழைய காகிதங்களைச் சீர்செய்யும் அந்த ஆளின் அறையில் மேசையும் விளக்கும் புட்டிகளும் இருந்தன. விளக்கைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. அவர் உறை போட்ட கைகளால் புத்தகத்தை வைத்தார். அது வழக்கப்படி நடுப்பக்கத்துக்கு விரிந்தது. கலங்கரை விளக்கின் உச்சியில் தபால்காரனும் திருடனும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

“மத்ததெல்லாம் வெறும் தூசிம்மா. இதுதான் என்னன்னே புரியல. எண்ணெய்தான், ஆனா ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா இருக்கு பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். மேலே, வானத்தின் குறுக்கே அகலமாக ஒரு பழுப்பு. கீழே, மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம். இடது வட்டம் சற்று இறங்கியிருந்தது. தலையைச் சாய்த்துத்தானே அவர் தூங்குவார்? நெற்றி, இரண்டு கன்னம், நடுவில் மூக்கு நுழைந்த மடிப்பு. பழக்க தோஷத்தில் அவள் மூக்கு தாளருகே போனது.

“தலையெண்ணெய். மூஞ்சி, தம்பி. என் வீட்டுக்காரர் மூஞ்சி” என்றாள்.

சிரிக்க வாய் திறந்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“எடுத்துடலாம்மா” என்றார். “மருந்துல ஊற வச்சு, காய வச்சு, அழுத்தி எடுத்தா போதும்.”

“ஒண்ணும் மிஞ்சாதா?”

“துளிகூட மிஞ்சாது.”

அந்தப் பெருமை அவளுக்குத் தெரிந்த பெருமைதான். அதே குரலில் அவளே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

“எடுக்காம விட்டா?”

“எண்ணெய் பட்ட இடமெல்லாம் பழுத்து நொறுங்கிடும்மா. கடைசியில புத்தகத்தையே தின்னுடும்.”

பொய் சொல்லவில்லை. சட்டைக் காலரில் தலையெண்ணெய் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? விரல்கள் ஒரு பக்கம் துறுதுறுத்தன. எடுத்தால் புருஷன் போய்விடுவார். விட்டால் புத்தகமும் போய், அதோடு அவரும் போய்விடுவார்.

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“பத்து வருஷம் தாங்கும். பத்திரமா வச்சா இன்னும் கொஞ்சம்.”

அவள் தன் முழங்காலையும், மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சையும் நினைத்துப் பார்த்தாள்.

“அப்ப சரியா இருக்கும். நானும் அவ்வளவுதான் தாங்குவேன்.”

அவர் புத்தகத்தை மூடி, அவள் கொண்டுவந்த துணியிலேயே சுற்றி, இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகன் கூப்பிட்டுவிட்டான்.

“கொடுத்துட்டியாம்மா?”

“இல்லடா. திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஏம்மா? ஊரு கறையெல்லாம் எடுக்குற, இந்தக் கறை மேல மட்டும் என்ன பாசம்? அப்படி என்ன இருக்கு அதுல?”

“உங்கப்பா தூங்குறார்டா.”

அப்புறம், “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டான்.

சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு வந்து கட்டிலில் அவர் பக்கமாகப் படுத்தாள். மத்தியான வெயில் சுவரில் கிடந்தது. தலையில் எண்ணெய் இருந்தது, முகத்தில் நடந்து வந்த வியர்வை இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை விரித்து முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கக் கறையை அழித்தவள், தெரிந்தே ஒரு கறையை வைத்தாள்.

அவருடைய நெற்றி பெரியது. தாள் முழுக்க அவரே இருந்தார்.

“எப்பவும் இதே வழக்கம்” என்றாள் புத்தகத்துக்கு அடியிலிருந்து. “கொஞ்சம் தள்ளிப் படுங்க.”