மாடியேறாத பதில்

ஒயர்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, அவர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்த்துவந்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதையாவது விடக்கூடாது என்று அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவருக்கு ஏணி பிடித்தவள். பிடித்தபடியே பாதி வேலையைக் கண்ணால் கற்றிருந்தாள்.

ஒரு காலை கூடத்தின் மேனேஜர் போன் செய்தார். "மாடியில ரிசல்ட் வருது மேடம். கீழ இருக்கிற பிரிண்டருக்குத்தான் போகமாட்டேங்குது. பேஷண்டுங்க கத்துறாங்க."

மாடியும் கீழ்த்தளமும் தனித்தனி நெட்வொர்க். படிக்கட்டுச் சுவரில் ஒயர்காரர் மாட்டிய ரவுட்டர்தான் இரண்டையும் இணைத்தது. அவள் நேரில் போய், பதில் வருகிறதா என்று மாடிக் கணினியிலிருந்து சோதனைச் செய்தி அனுப்பித் தட்டிப் பார்த்தாள். அந்த ரவுட்டர்வரை பதில் வந்தது. அதைத் தாண்டினால் கிணற்றில் போட்ட கல். கீழிருந்து மேலே தட்டினால் கீழ்த்தளத்து இன்டர்நெட் பெட்டியோடு நின்றுபோனது.

"கீழ ஏதாவது மாத்தினீங்களா?"

"இன்டர்நெட் கம்பெனிக்காரங்க புதுப் பெட்டி வெச்சாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

அதுதான் எல்லாம். மாடியிலிருந்து போனது பிரிண்டரை அடைந்தது. பிரிண்டரின் பதிலோ புதுப் பெட்டியிடம் போனது. மாடி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பழைய பெட்டிக்கு அந்த வழியை ஒயர்காரர் சொல்லி வைத்திருந்தார். புதியதில் வெளியாள் எதையும் மாற்றமுடியாதபடி கம்பெனி பூட்டியிருந்தது. "அந்த வசதி உங்க பிளான்ல இல்லைங்க" என்று போனில் ஒரு பெண் இனிமையாகக் கைகழுவினாள்.

படிக்கட்டு ரவுட்டரில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் போதும். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். அது ஒயர்காரருக்கு மட்டுமே தெரியும். "ஊரறியச் சொன்னா அது பாஸ்வேர்டா, விளம்பரமா?" என்று சிரித்தவர் அவள் கணவர்.

வீட்டில் மடிக்கணினியை அவர் முன் வைத்தாள். "என்னங்க, அந்தப் படிக்கட்டு ரவுட்டரு. பாஸ்வேர்டு. கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

அவர் கண் பளிச்சிட்டது. இடது கையால் இரண்டு எழுத்து தட்டினார். மூன்றாவதில் விரல் நின்றது. அழித்தார். மறுபடி அதே இரண்டு.

"மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரம்தான். அது அவருக்கும் தெரியும். கடைசியில் கணினியை ஓங்கித் தள்ளினார். விழாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை அழுத்தினாள். இருந்ததெல்லாம் அழிந்தது. புதிதாக அமைக்கத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மாடி இயந்திரங்களும் ஊமையாகிவிட்டன.

மேனேஜர் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. "பரவால்ல மேடம். வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். சாரும் பாவம், உடம்பப் பாத்துக்கட்டும்."

வந்தவன் சிரித்த முகக்காரன். மதியத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டான். பிரிண்டர் ஓடியது. "என்ன நேர்த்தியா ஒயர் கட்டியிருக்காரு அக்கா!" என்றபடியே அந்தக் கட்டுகளை வெட்டி இழுத்தான். "இந்தப் படிக்கட்டு ரவுட்டர் வேணுமா?"

கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவர் தூங்கியபின் பரணில் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவர் விழித்திருந்தார். பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவைப் பார்த்து இடது கையை நீட்டினார். கொடுத்தாள். மடியில் வைத்துத் திருப்பி, ஒயர் செருகும் ஓட்டைகளைக் கட்டைவிரலால் தடவினார். பெட்டியைத் தலையணை ஓரம் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவள் போர்வையை இழுத்துவிட்டு, மாத்திரைக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.