விளக்குக் கம்பச் செய்திகள்

வேங்கிக்கால் முல்லை நகருக்கு ஒரே ஒரு தெருவிளக்குக் கம்பம் வந்து இறங்கியது. அதை எங்கே நடுவது என்பதில் குடியிருப்போர் நலச்சங்கம் இரண்டாகப் பிரிந்தது. தலைவர் ராஜமாணிக்கம், ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர், பிள்ளையார் கோயில் முனையில் என்றார். செயலாளர் ஜோதியம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை, சாக்கடை திரும்பும் இடத்தில் என்றார். கம்பம் தெருவோரம் படுத்தே கிடந்தது. சாயங்காலமானால் முல்லை நகர் அதன்மேல் உட்கார்ந்து காற்று வாங்கியது.

இதனால் வாழ்ந்தவன் புகழேந்தி ஒருவன்தான். உள்ளூர் கேபிள் டிவியின் ஏழரை மணிச் செய்திக்கு அவனே நிருபர், அவனே வாசிப்பாளர். மேசைக்கு மேலே டை, கீழே லுங்கி. கேபிள் முதலாளி பிரசாத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "நியூஸ் கம்மியாச்சுன்னா சொல்லிடு. அந்த டைம்ல பாட்டு போட்டுக்கறேன். பாட்டுக்கு ஆளு தேவையில்ல."

தலைவரும் செயலாளரும் பேச்சை நிறுத்திவிட்டதால், ஒருவர் சொன்னது மற்றவருக்குச் செய்தியில்தான் போய்ச் சேரும். புகழேந்தி ஒரு வீட்டில் காபி குடித்துக் குற்றச்சாட்டு வாங்குவான். எதிர்வீட்டில் காபி குடித்து மறுப்பு வாங்குவான்.

ஒருநாள் ராஜமாணிக்கம் சொன்னார்: "போதும்ப்பா. டீச்சர் சொல்ற எடத்துலயே நட்டுக்கட்டும்னு போட்டுடு."

புகழேந்தி பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தான். எதிர்வீட்டுக்குப் போனால் ஜோதியம்மாளும் அதே தொனியில் இருந்தார்.

"வயசுல பெரியவரு. அவரு இஷ்டப்படியே நடட்டும்னு சொல்லிடு தம்பி."

அன்றைய செய்தியில், செயலாளர் சொன்ன இடம் குறித்துத் தலைவர் கருத்துத் தெரிவித்ததாகவும், தலைவரின் வயதைச் செயலாளர் சுட்டிக்காட்டியதாகவும் வாசித்தான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நேரமின்மையால் மிச்சம் விடுபட்டது.

அடுத்த பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தைப் படமெடுக்க அவன் அடி அண்ணாமலையில் கேமராவோடு நின்றிருந்தான். வெறுங்காலில் கல் குத்தி ராஜமாணிக்கம் நொண்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த ஜோதியம்மாள் அவரை எட்டிவிட்டார். கிரிவலத்தில் யாரும் வந்த வழியே திரும்பி நடப்பதில்லை; அந்த நெரிசலில் முந்திப் போகவும் வழியில்லை. இருவரும் சேர்ந்தே நடக்கவேண்டியதாயிற்று. கேமராவுக்கு நேரே வரும்போது தலைவர் வாயைத் திறந்தார்.

"என் வயசைப் பத்தி இன்னா சொன்னீங்க டீச்சர்?"

"பெரியவரு, உங்க இஷ்டப்படியே நடட்டும்னு சொன்னேன். என் எடத்தைப் பத்தி நீங்க இன்னா சொன்னீங்க?"

"அங்கயே நட்டுக்கட்டும்னு சொன்னேன்."

இருவரும் ஒரே நேரத்தில் கேமரா பக்கம் திரும்பினார்கள். புகழேந்தி நிலவைப் படமெடுக்கத் தொடங்கினான்.

மறுநாள் காலை சங்கம் கூடியது. இரண்டு இடத்துக்கும் நடுவே, கூட்டத்துக்கு வராத ராமதாஸ் வீட்டு வாசலில் கம்பத்தை நடுவதென்று முடிவாயிற்று. கூடவே ஒரு கண்டனத் தீர்மானம். அது மதியமே கேபிள் ஆபீசுக்கு வந்துவிட்டது.

பிரசாத் அதை இரண்டு தடவை படித்தார். "நீயே வாசிக்கிறியா, பாட்டு போடட்டுமா?"

புகழேந்தி டையைக் கட்டிக்கொண்டான்.

"முல்லை நகரில் வீண் சண்டை மூட்டிய கேபிள் செய்தியாளர் புகழேந்திக்குக் குடியிருப்போர் நலச்சங்கம் வன்மையான கண்டனம் தெரிவித்துள்ளது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இதுவே. இது குறித்துப் புகழேந்தியிடம் கேட்டபோது, அவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார். வணக்கம்."

விளக்கை அணைத்ததும் போன் அடித்தது. பிரசாத் எடுத்துக் கேட்டுவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "ராமதாஸாம். அவரு வாசல்ல கம்பமாமே, நாளைக்குக் காபிக்கு வரச் சொல்றாரு. சொன்னது முழுசா வருமான்னு கேக்கறாரு."

புகழேந்தி டையை அவிழ்த்து மடித்து வைத்தான்.

"டைம் இருந்தா வரும்னு சொல்லுங்கண்ணா."