நகர்ந்த கம்பம்

அந்த நகரத்தின் முதல் ஐந்து தெருக்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள் இன்றைக்கும் காலை ஆறரைக்குத் துணி காயப்போடுகிறார்கள். துணி காய்வதில்லை என்பதைத் தவிர அவர்களுக்குப் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. மரம் ஏற்றும் துறையாகத் தொடங்கி, பஞ்சுக் கிடங்குகளால் கொழுத்து, கடைசியில் ஓட்டல்களை நம்பிப் பிழைத்த ஊர் அது. ஒரு தெரு மூழ்கியதும் அடுத்த தெருவுக்குக் ‘கடல் பார்த்த வீடுகள்’ என்று பெயர் வந்து வாடகை இரட்டிப்பாகும். ஊரார் அதை வளர்ச்சி என்றார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்குக் கரையோரத்து அளவுக் கம்பத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது கம்பக்காரியின் வேலை. தண்ணீர் ஏறிக் கம்பத்தை மூடினால், ஆட்கள் வந்து அதைப் பிடுங்கிப் புதுக்கரையில் நட்டுவிட்டுப் போவார்கள். மூழ்கிய கம்பத்தில் அளவு பார்க்க முடியாதே என்பதுதான் காரணம்; யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆக, மூன்று தெருக்கள் போன இருபத்தாறு வருடத்திலும் அவள் ‘இயல்பு’ என்றே எழுதிவந்தாள்.

நான்காவது தெருவில் அவள் தங்கை தையல் மிஷினோடு தனியாக இருந்தாள். நீர்மட்டம் ஏறியதாகப் பதிவேடு சொன்னால்தான் அரசாங்கம் மேட்டில் மாற்று வீடு தரும். என்னோடு வந்து இரு என்று அக்கா எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். தங்கை ரோஷக்காரி.

“உன் ஒத்த ரூம்ல நானும் மிஷினும் எங்க படுக்கிறது, அக்கா? நீதானே எழுதுற. ஒரு நாள் உண்மைய எழுதேன்.”

எழுதினாள். ‘மூன்றடி ஏற்றம்.’ அதிகாரி பதறிப்போய் நேரிலேயே வந்தார். பாதி மூழ்கிய கம்பத்தைப் பார்த்து ஆட்களைக் கடிந்துகொண்டு, அன்று மாலைக்குள் அதை மேலே நடவைத்தார். மறுநாள் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு இயல்பில் நின்றது. அவள் கெஞ்சினாள். அவர் பழைய பதிவேடுகளை எடுத்துக் காட்டினார்.

“இத்தனை வருஷமா நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க. உங்க கையெழுத்த நம்பாம வேற யாரை நம்புறது?”

ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கை பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வந்து கூரை வரை மூடியது. கம்பக்காரி ஓடிப்போய் மூன்று முறை குதித்தாள். வீட்டில் இருந்தவர்களைத் தண்ணீர் வைத்துக்கொண்டது. தேடிப் போனவர்களை உள்ளே விடவில்லை. மூன்று முறையும் அவளைத் தக்கையாக மேலே தள்ளியது. கீழே தங்கை ஜன்னல் வழியே அண்ணாந்து ஏதோ சொன்னாள். குமிழிகள்தான் வந்தன. கம்பக்காரி கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் எழுதியதை அவளாலேயே அழிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் தினம் எட்டு மணிக்கு அளவு பார்த்தாள், வேறென்ன செய்வாள்.

அவள் குடியிருந்த ஐந்தாவது தெருவின் முறை வந்தது. அதிகாரி நல்ல மனிதர். அவளுடைய நீண்ட சேவையைச் சொல்லி, தனி உத்தரவில் மேட்டில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார். அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஏன் என்று கேட்டார்.

“அன்னிக்கு அவ என்ன சொன்னான்னு கேக்கணும் சார்.”

தண்ணீர் வரும் என்று தானே கணக்குப் போட்ட நாளில் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் படியேறி வந்தது. பழக்கதோஷத்தில் காலைத் தூக்கிக்கொண்டாள். பிறகு இறக்கி வைத்தாள்.