அடுப்படிக்குக் கேட்கும் சத்தம்

கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கூம்பு ஃபில்டரைக் காரில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டாலே மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். "காசு குடுத்து இரைச்சல வாங்குறான் பாரு" என்பார். அப்படி வாங்கியவர்களில் முதல் ஆள் அவருடைய தங்கையின் புருஷன். ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காலை எடுத்தால் உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வரும். மனுஷனுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அந்த மாப்பிள்ளை போய் நான்கு மாதமாகிறது. ஆபீஸ் நாற்காலியிலேயே மாரடைப்பு. ஐந்து வயது மகளிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவைத்தது மெக்கானிக்தான். தங்கை ஓட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்தக் கூம்பு ஃபில்டரைக் கழற்றி எறிந்து, கம்பெனியின் பழைய கறுப்பு ஃபில்டர் பெட்டியை மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்வதற்கு எதற்குக் கேட்பது?

இன்று காலை தங்கை காரோடு பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அந்தச் சத்தம் எனக்கு வேணும்ணே."

அவர் அப்போதே கிளம்பினார். கடை கடையாக ஏறி இறங்கி அதே ஃபில்டரை வாங்கிவந்தார். காற்றை அளக்கும் சென்சாரின் வயரைக் கழற்றி, கிளாம்பைத் தளர்த்தி, கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார். சென்சாரிலிருந்த அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். கூம்பைச் செருகி, கிளாம்பை முறுக்கி, வயரை மாட்டி, எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

தங்கை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"இது இல்லண்ணே."

"அதேதாம்மா. சத்தியமா அதேதான்."

அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எப்பவும் அடுப்படியில நின்னுதானே கேட்டிருக்கேன்? தெருமுனையில திரும்புறப்பவே கேக்கும். டீக்குத் தண்ணி வைப்பேன். நான் முன்னால நடந்து போறேன், நீ ஓட்டிட்டு வாயேன். ஒரே ஒரு தடவைண்ணே."

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மாப்பிள்ளை செய்வது போலவே தெருமுனையில் இரண்டாவது கியருக்கு வந்து, மிதித்து, காலை எடுத்தார். உஸ்ஸென்றது. எத்தனை நாள் திட்டியிருப்பார் அந்தச் சத்தத்தை!

வீட்டு வாசலில் காரை நிறுத்துவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தது தங்கை இல்லை, அவள் மகள். கையில் அப்பாவின் வீட்டுச் செருப்பு. கார் சத்தம் கேட்டதும் அதை எடுத்துக்கொண்டு ஓடுவது அவள் வேலை. மெக்கானிக் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்த மனிதருக்கு அது மட்டும் மறந்துபோயிற்று.

குழந்தை மாமாவைப் பார்த்தாள். பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பிறகு எம்பி நின்று பின்சீட்டையும் பார்த்தாள்.

"அப்பா எங்க எறங்கிட்டாரு மாமா?"

அடுப்படி ஜன்னலில் தங்கை தெரிந்தாள். கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, குழந்தையின் முன் மண்டியிட்டார்.

"அப்பா வரலடா கண்ணு," என்றார். நான்கு மாதமாக வராத வார்த்தை இப்போதும் லேசில் வரவில்லை. "இனிமே வர மாட்டாரும்மா. மாமா உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

குழந்தை செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க ஏன் அப்பா மாதிரி வந்தீங்க?"